தாது வருஷம் எது? பூட்டனைத் தேடிய கதை, இதுவரை

அப்பா ஓய்வு பெற்று நாங்கள் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டைக் காலி செய்தபோது கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு தகரப் பெட்டி வந்தது. அப்பாயி அதை யாரையும் தொடவிடவில்லை. கொளப்பள்ளியில் வாடகைக்கு எடுத்த வீட்டுக்கு ஜீப்பில் வரும்போதும் மடியிலேயே வைத்திருந்தது. "கப்பல்ல வந்த பொட்டிடா இது" என்றது. உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டேன். "ஒங்க தாத்தன் சேத்து வச்ச காயிதம். எனக்கென்ன படிக்கவா தெரியும்."

அந்தப் பெட்டியில்தான் இந்தக் கிறுக்கு ஆரம்பித்தது. பதினாலு மாதம் ஆகிறது. எங்கள் மாதிரி சிலோனிலிருந்து வந்த குடும்பம் பந்தலூர், கூடலூர், கோத்தகிரி பக்கமெல்லாம் நிறைய. அவர்களில் யாருக்காவது உதவட்டும் என்று, நான் செய்த தப்புகளையும் சேர்த்தே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை ஒன்றுதான். தாது வருஷப் பஞ்சத்தில் பூட்டன் சோற்றுக்கில்லாமல் கண்டிச் சீமைக்குக் கிளம்பினார், மன்னார்க் காட்டு வழியே நடந்தே போனார், கூட வந்ததில் பாதிப் பேர் காட்டிலேயே செத்தார்கள். தாது வருஷப் பஞ்சம் என்றால் 1876. பள்ளிக்கூடத்திலேயே படித்தது. வெள்ளை சார்ட் பேப்பரில் மேலே 1876 என்று போட்டு, கீழே பூட்டன், தாத்தா, அப்பா, நான் என்று கோடு இழுத்தேன்.

கணக்கு உதைத்தது. தாத்தா இறந்தது 1999ல், அப்போது அவருக்கு அறுபத்தாறோ அறுபத்தேழோ. அவர் அப்பா 1876ல் கப்பல் ஏறியிருக்க முடியாது. அப்படியானால் நடுவில் இரண்டு தலைமுறை விட்டுப்போயிருக்க வேண்டும் என்று நானே முடிவு செய்து, சார்ட்டில் இரண்டு வெற்றுக் கட்டம் வரைந்து, அந்த இல்லாத இரண்டு பேரை ஐந்து மாதம் தேடினேன்! தாத்தாவுக்கு வைத்த பெயரைத்தானே பேரனுக்கு வைக்கிறோம். ஒரே பெயர் மாறி மாறி வரும்போது கட்டத்தை நிரப்புவது ரொம்பச் சுலபம். கிராம்ப்ஸ் என்ற இலவச மென்பொருளிலும் ஏற்றிப் பார்த்தேன். அது முதல் வேலையாகக் குடும்பப் பெயரைக் கேட்டது. எங்களுக்கு இருப்பது அப்பா பெயரின் முதல் எழுத்து ஒன்றுதான். மறுபடி சார்ட் பேப்பருக்கே வந்துவிட்டேன்.

பெட்டியில் இருந்தவற்றைச் சொல்கிறேன். கண்டியில் இருந்த இந்திய உதவித் தூதரகம் கொடுத்த பாஸ்போர்ட், மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டை, அத்தையின் பிறப்புச் சான்றிதழ், ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த நாலு பக்கம், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் எடுத்த ஒரு போட்டோ.

முதலில் பிரித்தது அத்தையின் சான்றிதழை. அத்தை 1963ல் பிறந்தது. அதில் அப்பன், ஆத்தா பெயரோடு நிற்காமல் ஒரு கட்டம் இருந்தது: பாட்டனார் இலங்கையில் பிறந்திருந்தால் அவர் பெயர், பிறந்த வருஷம், பிறந்த இடம். அதற்குக் கீழே, பூட்டனார் அங்கே பிறந்திருந்தால் அவருடையதும். மூன்று தலைமுறை ஒரே தாளில்! இந்தியச் சான்றிதழ் எதிலும் நான் இப்படிப் பார்த்ததில்லை. இந்தத் தேடலுக்காகவே யாரோ அச்சடித்து வைத்த மாதிரி இருந்தது.

ஏன் இப்படிக் கேட்டிருக்கிறான் என்று துருவியபோதுதான் விஷயம் புரிந்தது. 1948ல் வந்த இலங்கைக் குடியுரிமைச் சட்டப்படி, அங்கே பிறந்தது மட்டும் போதாது. அப்பாவும் அங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் தாத்தாவும் பூட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும். அதைப் பார்க்கத்தான் இந்தக் கட்டம். எங்கள் ஆட்களைக் கழித்துக்கட்டப் போட்ட கட்டம் அது. அத்தையின் சான்றிதழில் இரண்டு கட்டத்திலும் பேனாவால் ஒரு கோடு. பெயர் கிடைக்குமென்று பார்த்தவனுக்குக் கோடுதான் கிடைத்தது. அந்தக் கோட்டின் அர்த்தம் மண்டையில் ஏற எனக்கு ஒரு வாரம் ஆனது. பாட்டனார் அங்கே பிறக்கவில்லை. அதாவது என் பூட்டன் பிறந்தது இந்தப் பக்கம். அப்பன் பிறந்த இடம் என்ற கட்டத்திலும் 'இந்தியா' என்றே இருந்தது. தாத்தாவே இங்கேதான் பிறந்திருக்கிறார். நான் வரைந்த இரண்டு வெற்றுக் கட்டத்துக்கும் வேலையில்லை.

அதற்குப் பிறகுதான் அப்பாயியிடம் ஒழுங்காகக் கேட்கவே கற்றுக்கொண்டேன். எந்த வருஷம் என்று கேட்டால் அதற்குச் சொல்லத் தெரியாது, நம் திருப்திக்கு ஏதாவது சொல்லிவிடும். யார் வயித்துல இருந்தாங்க, யார் வயசுக்கு வந்திருந்தாங்க, எந்த தொரை இருந்தான் என்று கேட்டால் கொட்டும். தொரையை வைத்து வருஷம் பிடிக்கவும் ஒரு வழி உண்டு. இலங்கையில் ஃபெர்குசன் டைரக்டரி என்று பழைய தடிப் புத்தகம், தோட்டவாரியாகத் தொரைமார் பெயர் போட்டது. என்ன, அதில் உள்ள பெயர் அப்பாயிக்குத் தெரியாது. அப்பாயிக்குத் தெரிந்தது 'நொண்டித் தொரை', 'பூனைக்கண்ணுத் தொரை'. தோட்டத்துக்கும் அப்படித்தான், காகிதத்தில் ஒரு இங்கிலீஷ் பெயர், நம் ஆட்கள் வாயில் ஒரு தமிழ்ப் பெயர். ஹட்டனில் இன்றும் மல்லியப்பு சந்தி என்று ஒன்று இருக்கிறது. வரைபடத்தை வைத்துத் தேடுகிறவர்கள் இரண்டு பெயரையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆடி மாதம், விடாத மழை, கரண்ட் இல்லை. அடுப்படியில் உட்கார்ந்து அப்பாயி தன் மாமியார் சொன்னதைச் சொல்லிக்கொண்டிருந்தது. "மண்டபத்துல எறக்கி எல்லாத்துக்கும் ஊசி போட்டானாம். உடுத்துன துணிய வாங்கி ஆவியில அவிச்சுக் குடுத்தானாம். ஒங்க தாத்தன் இடுப்புப் புள்ளையாம், ஊசிக்குப் பயந்து மூத்தரம் பேஞ்சுட்டானாம்."

நான் எழுதிக்கொண்டிருந்த கையை நிறுத்தினேன். 1876ல் ஏது மண்டபம் முகாம்? பாம்பன் பாலம் திறந்ததே 1914ல். அந்த வருஷம்தான் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே ரயிலோடு இணைந்த கப்பல் ஓட ஆரம்பித்தது. நடந்து காட்டு வழியே போனது அதற்கு முந்தைய, காப்பித் தோட்ட காலத்துக் கதை. ரயிலில் வந்து, மண்டபத்தில் ஊசி போட்டுக்கொண்டு, கப்பல் ஏறினவர்கள் மன்னார்க் காட்டில் ஏன் நடக்கப் போகிறார்கள்?

"தாது வருஷம்னு சொன்னியே அப்பாயி?"

"தாது வருஷந்தான். அதுல என்ன சந்தேகம்?"

அதற்குச் சந்தேகமில்லை. எனக்குத்தான் பஞ்சாங்கம் தெரியவில்லை. தமிழ் வருஷம் அறுபது. சுற்றிச் சுற்றி வரும். 1876க்கு அறுபது கூட்டினால் 1936. அதுவும் தாது வருஷம்தான்! தாத்தா 1933 வாக்கில் பிறந்தவர், 1936ல் மூன்று வயசு இடுப்புப் பிள்ளை. எல்லாம் அச்சாக உட்கார்ந்தது. மாமியார் சொன்னது வெறும் 'தாது வருஷம்'. அதோடு 'பஞ்சம்' என்பதை ஒட்டவைத்தது பிறகு வந்தவர்கள், என்னையும் சேர்த்து. நடந்து போன கதை பொய் என்றும் சொல்லமாட்டேன். அப்பாயி பிறந்த வீடு அங்கே பல தலைமுறை பழசு, அந்தப் பக்கத்துப் பாட்டன் யாராவது நடந்திருப்பார். இரண்டு வீட்டுக் கதையும் ஒரே உலையில் வெந்துவிட்டது. அப்பாயிக்கு இதை விளக்கினேன். "எப்ப போனா என்ன, கொழுந்து புடுங்கத்தானே போனாங்க" என்று எழுந்து போய்விட்டது.

அடுத்தது அந்த நாலு பக்கம். 1949ல் இலங்கை அரசு இந்திய, பாகிஸ்தானியருக்கென்று தனியாக ஒரு குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்தது. 1946 ஜனவரி 1க்கு முன்னால் கல்யாணமானவர் தொடர்ந்து 7 வருஷமும் ஆகாதவர் 10 வருஷமும் அங்கே குடியிருந்ததை நிரூபிக்க வேண்டும். எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பம் போனது, கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. எங்கள் பெட்டியில் இருந்தது பூட்டன் போட்ட விண்ணப்பத்தின் நகல். யாரோ எழுதிக் கொடுத்து, கீழே பெருவிரல் ரேகை. 1936ல் வந்தேன், அன்றிலிருந்து தீவை விட்டு வெளியே போகவில்லை, இந்தியாவில் எனக்கு நிலமோ நெருங்கிய உறவோ கிடையாது என்கிறார். விண்ணப்பம் தள்ளுபடி. அதற்கப்புறம் 1964ல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும் என்று இரண்டு அரசும் பிரித்துக்கொண்டது, அந்தக் கணக்கில் 1972ல் எங்கள் வீடு கப்பலில் ராமேஸ்வரத்தில் இறங்கியது, மண்டபத்திலிருந்து நீலகிரிக்கு, பின்னால் டான்டீ என்று பெயர் மாறிய அரசுத் தேயிலைத் தோட்டத்துக்கு. தாத்தாவின் தம்பி குடும்பம் அங்கேயே நின்றுவிட்டது. ஒரு பெரியப்பா வகையறா கர்நாடகத்தில் சுள்ளியா பக்கம் ரப்பர் தோட்டத்துக்குப் போனது. இந்தப் பகுதியை எல்லோர் வீட்டிலும் சொல்வார்கள், நான் நீட்டவில்லை.

எனக்கு வேண்டியது ஊர். பாஸ்போர்ட்டில் இருந்தது: திருச்சி ஜில்லா, பெரம்பலூர் தாலுகா, அப்புறம் ஆறு ஆங்கில எழுத்தில் ஊர்ப் பெயர். அதைப் புதூர் என்றும் படிக்கலாம், புத்தூர் என்றும் படிக்கலாம். தமிழ்நாட்டில் எத்தனை புதூர் என்று உங்களுக்கே தெரியும். பெரம்பலூர் 1995ல் தனி மாவட்டமாகப் பிரிந்துவிட்டது என்பது வேறு. ஒரு அலுவலகத்தில் பழைய பிறப்புப் பதிவேடு கேட்டேன், அந்தக் காலத்துப் புத்தகம் கர்ணத்தோடு, ஊர்க் கணக்குப்பிள்ளையோடு, போச்சு என்றார்கள். சிட்டா, அடங்கல் பக்கம் போகவே இல்லை. அதெல்லாம் நிலம் இருந்தவன் வம்சத்தைத் தேட. நிலமிருந்தால் பூட்டன் ஏன் கப்பல் ஏறுகிறார்?

கைகொடுத்தது குலசாமி. அப்பாயி எந்த நேர்த்திக்கும் மஞ்சள் துணியில் காசு முடிவது சிறுவாச்சூர் மதுரகாளிக்குத்தான், சிலோனில் இருந்தபோதும். "திங்கக்கெழமயும் வெள்ளிக்கெழமயுந்தான் நட தெறக்கும், மத்த நாள் போயி நிக்காத" என்று, தான் ஒரு தடவையும் பார்க்காத கோயிலுக்கு எனக்கு விவரம் சொன்னது. மாசி மாதம் ஒரு வியாழக்கிழமை ராத்திரி கிளம்பினேன். தேவாலா தாண்டி யானை ரோட்டை மறித்து நின்றதில் முக்கால் மணி நேரம் போனது. வெள்ளிக்கிழமை மதியம் சிறுவாச்சூர். சாமி கும்பிட்டுவிட்டு, தேங்காய்க் கடைக்காரரிடம் சுற்றுவட்டாரத்துப் புதூர், புத்தூர் எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டேன். மூன்று தேறியது. வாடகைக்கு ஒரு டிவிஎஸ் ஃபிஃப்டி.

முதல் இரண்டு ஊரிலும் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள். மூன்றாவதில் ஏரிக்கரை அய்யனார் கோயில் திண்ணையில் ஒரு பெரியவர். பூட்டன் பெயரைச் சொன்னேன். அசையவில்லை. தாத்தா பெயரும் அப்படியே. சிலோனுக்குப் போன குடும்பம் என்றதும்தான் நிமிர்ந்தார். "கண்டியார் வீட்டு ஆளா நீ?"

சிலோனில் எங்களுக்கு வடக்கத்தியான் என்று பெயர். நீலகிரியில் இன்றைக்கும் சிலோன்காரன். ஒருவரும் போய்ப் பார்க்காத இந்த ஊரில் நாங்கள் கண்டியார் வீடு. வீடு என்று ஒன்றும் இல்லை, இடிந்த குட்டிச்சுவரும் வேப்பமரமும்தான், ஆனால் அந்த இடத்துக்குப் பெயர் அதுதான்.

பெரியவர் என்னைப் பங்காளி வீட்டுக்குக் கூட்டிப்போனார். அவர்கள் முதலில் கொஞ்சம் விறைப்பாகவே இருந்தார்கள். இடத்துக்குப் பங்கு கேட்டு வந்திருக்கிறானோ என்ற பயம் இருக்கும்தானே. குலசாமி, கோயிலில் எந்த முறை என்றெல்லாம் விசாரித்துவிட்டுத்தான் சொம்பில் தண்ணீர் வந்தது. அந்த வீட்டு அத்தை ஒருவர் பரண்மேல் இருந்து மொய் நோட்டுக் கட்டை இறக்கினார். மேலட்டை செல்லரித்துப் போயிருந்தது. பார்த்திப வருஷம் வைகாசி மாதக் கல்யாணம் ஒன்று. இந்தத் தடவை அவசரப்படாமல் விரல்விட்டு எண்ணினேன், 1945. ஊர்வாரியாக எழுதியிருந்தார்கள். கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கத்தில், 'கண்டி' என்று ஊர் போட்டு, பூட்டன் பெயர், ரூ. 2.

தீவை விட்டு வெளியே போகவில்லை, இந்தியாவில் உறவில்லை என்று கைநாட்டு வைத்த அதே மனுஷன். நேரில் வந்து கொடுத்தாரா, யாரிடமாவது கொடுத்தனுப்பினாரா என்று நோட்டில் இல்லை. எனக்கென்னவோ வந்திருப்பார் என்றுதான் படுகிறது. 'வகையாக', அதாவது இன்னார் மூலமாக என்று, யார் பெயரும் பக்கத்தில் எழுதவில்லை.

போனில் படம் எடுத்துக்கொண்டேன். அந்த வீட்டுப் பையன், என்னைவிடச் சின்னவன், முறைக்குத் தம்பி, நோட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இந்த மொய்யி இன்னும் திருப்பிச் செய்யல போலருக்கே" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. "ஒங்க வீட்டுல அடுத்து என்ன விசேஷம்? சொல்லுங்க, வந்துர்றோம்."

கொளப்பள்ளி திரும்பி அப்பாயிக்குப் படத்தைக் காட்டினேன். எழுத்தைத் தடவிப் பார்த்தது. "ரெண்டு ரூவாயா? அப்பவே அந்தாளுக்குக் கை தாராளந்தான், எங்க மாமியா சும்மாவா திட்டும்" என்றது.

வைகாசியில் சின்னவளுக்குக் காதுகுத்து, சிறுவாச்சூரில். பத்திரிகை அடிக்கக் கொடுக்க வேண்டும். பங்காளிகள் வரிசையில் யார் பெயர் முன்னால் வரும் என்று அப்பாவும் சுள்ளியா பெரியப்பாவும் நேற்று ராத்திரி வரை போனில் சண்டை. தாத்தாவின் தம்பி வகையறாவில் தலவாக்கலைப் பக்கம் ஒரு நம்பர் கிடைத்திருக்கிறது, மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டுப் பார்க்க வேண்டும்.