கோத்தகிரியிலிருந்து கப்பல் படிப்புக்கு: விசா, வாந்தி, தேயிலை விலை

செமஸ்டர் அட் சீ என்று சொன்னால் நம்ம பக்கம் பலரும் உல்லாசக் கப்பல் சுற்றுலா என்றுதான் நினைக்கிறார்கள். கப்பலில் நாடு நாடாகப் போய்க்கொண்டே ஒரு கல்லூரி செமஸ்டர் படிக்க 1963-இல் தொடங்கிய திட்டம் இது, இப்போது அமெரிக்காவின் கொலராடோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் பெயரில் கிரெடிட் (படித்த பாடங்களுக்கான கணக்குப் புள்ளி) தருகிறார்கள், கப்பல் பெயர் வேர்ல்ட் ஒடிசி. ஒரு செமஸ்டருக்கு 25,000 டாலருக்கு மேல் ஆகும். உதவித்தொகை, கப்பலிலேயே பகுதிநேர வேலை, மிச்சத்துக்குக் கல்விக்கடன் என்று ஒட்டுப்போட்டுத்தான் நான் போனேன். சின்னத் தேயிலைத் தோட்டம் வைத்திருக்கும் வீட்டில் வேறெப்படி?

பெரும்பாலான மாணவர்கள் அமெரிக்கர்கள், அவர்களுக்குப் பாதி நாடுகளில் விசாவே வேண்டாம். நம் பாஸ்போர்ட் அப்படியா? ஷெங்கன் (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா) ஒன்று, தென்னாப்பிரிக்கா ஒன்று, கானா ஒன்று, மூன்றுக்கும் நான் பாஸ்போர்ட்டையே கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியிருந்தது, ஒன்று திரும்பி வராமல் அடுத்ததைத் தொட முடியவில்லை. ஷெங்கனுக்கோ ஆறு மாதத்துக்கு முன்னால் விண்ணப்பிக்கவும் முடியாது. அதனால் கப்பல் கிளம்பும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு வாருங்கள். பாஸ்போர்ட் நகல் மட்டும் போதும் என்கிற இ-விசாக்களை, வியட்நாம் மாதிரி, நடுவில் முடித்துக்கொள்ளலாம். புதிதாக பாஸ்போர்ட் எடுப்பவர்கள் 36 பக்கம் வேண்டாம், 60 பக்கத்துக்கே போடுங்கள். 1,500 ரூபாய்க்குப் பதில் 2,000, அவ்வளவுதான்.

கானாவுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கட்டாயம். "குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்ல போட மாட்டாங்களா?" என்றார் அம்மா. நியாயமான கேள்விதான், 1907-லிருந்து இருக்கிற, தடுப்பூசி தயாரிக்கிற இடம். ஆனால் இந்த ஊசியை அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டும்தான் போடுவார்கள், எனவே மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறி, சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட். போட்டு பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். அப்புறம் ஆயுசுக்கும் செல்லும்.

கொண்டை ஊசி வளைவில் வாந்தி எடுக்காதவர்களைக் கடல் ஒன்றும் செய்யாது என்று பெரியப்பா தைரியம் சொல்லி அனுப்பினார். செய்யும். விலை குறைந்த, ஜன்னல் இல்லாத கீழ்த்தள அறைதான் என்னுடையது. கப்பலின் நடுவில், கீழே இருந்தால் ஆட்டம் குறைவு, ஆகவே காசில்லாதவர்களுக்கு இதில் ஒரு லாபம். குமட்டல் வந்தால் மட்டும் அறையில் படுக்காதீர்கள், மேல்தளத்துக்குப் போய்த் தொடுவானத்தைப் பார்த்து நில்லுங்கள்.

படிப்பு எப்படி என்றால், கடலில் இருக்கும் நாள் கிட்டத்தட்ட எல்லாம் வகுப்பு. பாதிப் பாடங்கள் ஏ நாளில், மீதி பி நாளில் என்று மாறி மாறி வரும், ஞாயிறு என்ற பேச்சே இல்லை. மேற்கே போகும் பயணம் என்பதால் சில இரவுகளில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைப்போம், அந்தத் தூக்கம் சொர்க்கம். பேராசிரியர்கள் எங்கள் சாப்பாட்டுக் கூடத்தில்தான் தங்கள் குழந்தைகளோடு சாப்பிடுவார்கள், காலையில் வகுப்பில் பாதியில் விட்ட சண்டையை ராத்திரி தட்டோடு போய்த் தொடரலாம். எனக்கு இதுதான் கல்லூரியில் கிடைக்காதது. துறைமுகங்களில் ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு களவகுப்பு உண்டு, தவறவிடக் கூடாது.

கொச்சியில் கப்பல் நின்றது வில்லிங்டன் தீவில். 1947-லிருந்து தேயிலை ஏலம் நடக்கிற தீவு அது. அப்பாவும் அம்மாவும் ஊட்டி வறுக்கியோடு வந்திருந்தார்கள், துறைமுகத்துக்குள் விடவில்லை, வெளியே ஒரு ஓட்டலில் உட்கார்ந்து பேசினோம். எங்கள் இலை ஃபாக்டரிக்குப் போய், தூளாகி, குன்னூர் ஏலத்துக்குப் போகும், கடைசியில் கிலோவுக்கு என்ன கிடைக்கும் என்பது எங்கள் கையில் இல்லை. அடுத்து கென்யாவின் மொம்பாசா துறைமுகம் என்றதும் அப்பா, "கென்யாத் தூள்தான் நம்ம விலையைக் கெடுக்குதுன்னு சொல்றாங்க, என்னன்னு விசாரிச்சிட்டு வா" என்றார்.

விசாரித்தேன். மொம்பாசாவில் தேயிலை விளைவதில்லை, விளைவது கெரிச்சோ மாதிரியான மேட்டுநிலங்களில், மொம்பாசாவில் இருப்பது கிடங்குகளும் ஏலமும். உகாண்டா, ருவாண்டா தூளும் அங்கேதான் வருகிறது, விலை டாலரில். அங்கே கே.டி.டி.ஏ. (கென்யா தேயிலை வளர்ச்சி முகமை) என்ற அமைப்பின் கீழ் உள்ள ஃபாக்டரிகளில் சிறு விவசாயிகளே பங்குதாரர்கள், மாதாமாதம் இலைக்கு ஒரு தொகை, வருஷக் கடைசியில் மீதி போனஸாக வரும். நம்ம ஊர் மாதிரி தனியார் ஃபாக்டரிக்கு இலையைப் போட்டுவிட்டுக் கையைப் பிசைவதை விட மேல் என்று நினைத்தேன். ஆனால் கிடங்கில் பேசிய ஒருவர், அவர் வீட்டிலும் தேயிலைதான், போனஸ் குறைந்துவிட்டது, உரம் விலை ஏறிவிட்டது என்று அப்பா மாதிரியே ஆரம்பித்துவிட்டார். கேப் டவுன் வருவதற்குள் இதையே கட்டுரையாக எழுதினேன். துறைமுகத்தில் பார்த்ததை உட்கார்ந்து யோசிக்க நடுவில் இத்தனை நாள் கடல் கிடைக்காவிட்டால் வெறும் போட்டோவோடு போயிருக்கும்.

இன்னும் இரண்டு விஷயம். துறைமுகத்திலிருந்து குறித்த நேரத்துக்குக் கப்பல் ஏறாவிட்டால் அடுத்த ஊரில் சில மணி நேரம் இறங்க விடமாட்டார்கள். கப்பலையே விட்டுவிட்டால் சொந்தச் செலவில் அடுத்த நாட்டுக்குப் போய்ப் பிடிக்க வேண்டும், நம் பாஸ்போர்ட்டில் அது சுலபமில்லை. கிரெடிட் விஷயத்தில், பாடத்திட்டத்தைக் கிளம்பும் முன்பே உங்கள் கல்லூரித் துறைத்தலைவரிடம் காட்டி, எதற்குப் பதில் எது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், வாய்வார்த்தை வேண்டாம்.