பொங்கல் விடுமுறைக்கு முந்தைய நாள்

"டீச்சர், கொம்புல பெயிண்ட் அடிச்சா மாட்டுக்குக் கூசாதா?"

இரண்டாம் வகுப்புச் சிறுமி இப்படிக் கேட்டதும், பொங்கல் கதையை வாய்விட்டு வாசித்துக்கொண்டிருந்த ஆசிரியை புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டார். அதன்பின் கதை நகரவில்லை. கொம்பு சீவுவதையும் சலங்கை கட்டுவதையும் வீட்டில் மாடு வைத்திருக்கும் பிள்ளைகளே விளக்கினார்கள்.

எங்கள் ஊர் அரசுத் தொடக்கப் பள்ளியின் நூலகம் என்பது ஓர் அலமாரியும் விரித்த பாயும்தான். அரசுப் பள்ளிப் பிள்ளைகளை வாசிக்கப் பழக்கும் வாசிப்பு இயக்கத்தின் நுழை, நட, ஓடு, பற என்னும் நான்கு படிநிலைப் புத்தகங்களும் அங்கே உண்டு. ஆனால், தானாகப் படிக்கும் பிள்ளையும் இன்னும் எழுத்துக்கூட்டும் பிள்ளையும் ஒரே கதைக்குள் சேர்ந்து உட்கார முடிவது, ஒருவர் உரக்க வாசிக்கும்போதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பிறகு ஆசிரியை, கொங்குப் பகுதியில் மார்கழிக் கடைசி நாளன்று வீட்டில் செருகும் காப்பு என்னும் கொத்தைப் பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை கொண்டு கட்டக் கற்றுக்கொடுத்தார். (வண்ணத்தாளில் வெட்டி ஒட்டும் கரும்புக்கு இது எவ்வளவோ மேல்.)

வாசித்து முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டதால், கதையின் முடிவை வீட்டுப் பெரியவர்களோடு சேர்ந்து தாங்களே கட்டிக்கொண்டு வரும்படி பிள்ளைகளிடம் சொல்லி அனுப்பினார். விடுமுறைக்கு அது ஒன்றுதான் வீட்டுப்பாடம்.