ஏழு வயதில் பேரரசன்

டிசம்பர் 22

மூன்று நாளாக நிகேயாவை (இன்றைய துருக்கியில் இருக்கும் பழைய நகரம்) விட்டு மனம் நகரவே இல்லை. 1204-ல் சிலுவைப் போர்வீரர்கள் தலைநகரான கான்ஸ்டாண்டிநோபிளைப் (இன்றைய இஸ்தான்புல்) பிடித்துக்கொண்டபோது பைசாந்திய அரசு, அதாவது கிழக்கு ரோமப் பேரரசு, ஒதுங்கிய இடங்களில் ஒன்று அது. 1258 ஆகஸ்டில் பேரரசர் இரண்டாம் தியோடர் நோயில் இறந்துபோகிறார், மகன் நான்காம் ஜானுக்கு ஏழு வயது, அம்மா ஏற்கெனவே இல்லை. காப்பாளராக நியமிக்கப்பட்டவர் ஜார்ஜ் முசாலோன். பெரிய குலத்தில் பிறந்தவர் இல்லை என்பதால் பிரபுக்களுக்கு அவரைப் பிடிக்கவில்லை. அது தெரிந்து அவரே பதவியை விட்டுவிடுகிறேன் என்று சொல்லிப் பார்க்கிறார். எல்லாரும் வேண்டாம் வேண்டாம் என்று விசுவாசப் பிரமாணம் எடுக்கிறார்கள், பிரபுக்களில் ஒருவரான மிகாயேல் பலையோலோகோஸும்தான்.

சில நாளில், தியோடருக்கான நினைவு வழிபாடு நடக்கும்போதே படைவீரர்கள் கோயிலுக்குள் புகுந்துவிட்டார்கள். முசாலோன் பலிபீடத்துக்கு அடியில் ஒளிந்தார், அங்கேயே தேடிப்பிடித்து வெட்டினார்கள். புகுந்தவர்கள் லத்தீன், அதாவது மேற்கு ஐரோப்பியக் கூலிப்படை. அதற்குத் தலைவர் யார் தெரியுமா? அதே மிகாயேல்.

டிசம்பர் 23

அப்புறம் எல்லாம் வேகம். மிகாயேல் காப்பாளர் ஆனார், 1259 ஜனவரியில் இணைப் பேரரசர். 1261 ஜூலையில் தளபதி ஸ்ட்ராடெகோபுலோஸ் சின்னப் படையோடு போய்க் கான்ஸ்டாண்டிநோபிளையே மீட்டுவிட்டார். அந்நகரத்துப் பெரிய தேவாலயமான ஹாகியா சோஃபியாவில் மிகாயேலுக்கு மறுபடி முடிசூட்டு விழா நடந்தது, உரிமைக்காரப் பையனை அந்தப் பக்கமே கூட்டிவரவில்லை. அவனுடைய அக்காமாரை வெளிநாட்டவர்களுக்குக் கட்டிக்கொடுத்து அனுப்பியதும் சும்மா இல்லை, அவர்கள் வழியில்கூட வாரிசு என்று யாரும் வந்து நிற்கக் கூடாது.

டிசம்பர் 25

இந்தத் தேதிக்காகத்தான் காத்திருந்தேன். 1261, இதே கிறிஸ்துமஸ் நாள், ஜானின் பதினோராவது பிறந்தநாள். அன்றைக்கு அவன் கண்களைக் குருடாக்கினார்கள். பார்வை இல்லாதவன் அரியணை ஏற முடியாது என்பது அங்கே ஊறிப்போன எண்ணம், கொல்வதைவிட இது சின்னப் பாவம் என்றும் நினைத்திருப்பார்கள் போல.

மனுவேல் ஹோலோபோலோஸ் என்ற இளம் எழுத்தர் இதைக் கேட்டு அழுதிருக்கிறார். அழுததற்கு மூக்கையும் உதட்டையும் அறுத்தார்கள்! திருச்சபையின் தலைவரான முதுபிதா அர்சேனியோஸ் மிகாயேலைத் திருச்சபையிலிருந்தே விலக்கினார், அதற்காகப் பதவியையும் இழந்தார். இவர்களைவிட எனக்கு நெஞ்சில் நிற்பவர்கள் நிகேயா பக்கத்து மலை விவசாயிகள். பார்வையில்லாத ஒரு பையனை இவன்தான் எங்கள் ஜான் என்று நம்பி, அரசாங்கப் படையோடு மோதினார்கள் அவர்கள்.

நிஜமான ஜான் மர்மராக் கடல் பக்கம் ஒரு கோட்டையில் அடைபட்டுக் கிடந்தான். 1290-ல் மிகாயேலின் மகன் ஆண்ட்ரோனிகோஸ் அங்கே தேடிப் போய், அப்பா செய்ததற்கு மன்னிப்புக் கேட்டார், கூடவே என்னைப் பேரரசன் என்று ஒப்புக்கொள் என்றும் கேட்டார். ஜானுக்கு அப்போது நாற்பது நெருங்கியிருந்தது. அவன் கண்ணை எடுத்த அன்று இந்த ஆண்ட்ரோனிகோஸுக்கு மூன்று வயதுகூட ஆகவில்லை.