தனி ஆளாய்ப் பாய்மரம் தூக்குதல்

ஏப்ரல் 12, சனி

இங்கிலாந்தின் நார்ஃபோக் பிராட்ஸ் என்னும் ஆறு, ஏரிப் பகுதியில் பாய்ப்படகு வைத்திருப்பவன் பாலத்துக்குப் பாலம் குனிந்தாக வேண்டும்: பாய்மரத்தைப் பின்னால் படுக்க வைத்து, தாண்டியதும் மறுபடி தூக்க வேண்டும். தர்ன் ஆற்றில் பாட்டர் ஹைகம் கல் பாலம் இடைக்காலத்தது, வளைவு அவ்வளவு தாழ்வு. அதைத் தாண்டினால்தான் ஹிக்லிங் ஏரி. வழக்கமாகக் கூட வரும் நண்பருக்கு முதுகுவலி. சரி, தனியாகத் தூக்கிப் பார்ப்போம் என்று இறங்கினேன். பாய்மரம் 7 மீட்டர், 15 கிலோ. அரிசி மூட்டையைவிட இலேசுதானே! பாதி எழுந்ததும் வலப்பக்கம் சாய்ந்தது. எப்படியோ இறக்கிவிட்டேன். தோள் இன்னும் எரிகிறது.

ஏப்ரல் 13

கணக்குப் போட்டேன். படுத்திருக்கும் மரத்தை முன்கம்பியை (மரத்தின் மேற்பகுதியிலிருந்து படகின் முன்முனைக்கு வரும் கம்பி) பிடித்து இழுத்தால், இழுப்பெல்லாம் மரத்தின் வாக்கிலேயே போய்விடுகிறது. மேலே தூக்க ஒன்றும் மிஞ்சுவதில்லை. அதற்குத்தான் ஜின் போல் என்ற துணைக்கோல். மரத்தின் அடியில் ஒன்றரை மீட்டர்க் கோல் ஒன்றைச் செங்குத்தாக நிறுத்தி, முன்கம்பியை அதன் நுனியில் கட்டி, அங்கிருந்து அணியத்துக்கு, அதாவது படகின் முன்முனைக்கு, கப்பிக் கயிறு. மரம் எழ எழக் கோல் முன்னால் சாயும். அணியம் 2 மீட்டர் தள்ளி இருப்பதால் தொடக்கத்தில் சுமார் 44 கிலோ இழுக்க வேண்டும். பெரிய பாயை இழுக்கப் பயன்படும் நாலு மடிக் கப்பியைப் போட்டால் 11 கிலோ, உராய்வுக்குக் கொஞ்சம் கூட. கிணற்றில் ஒரு வாளி இறைக்கிற பாடுதான்.

ஏப்ரல் 19

பக்கவாட்டு ஆட்டம்தான் உண்மையான வில்லன். மரம் படுத்திருக்கும்போது மரத்தை இரு பக்கமும் பிடித்து நிறுத்தும் பக்கக் கம்பிகள் தொளதொளவென்று கிடக்கும், நிமிர்ந்த பிறகே இறுகும். அதனால் இரண்டு பக்கமும் தனிக் கயிறு கட்டினேன். அவற்றின் அடி, மரம் திரும்பும் ஆணிக்கு நேர்கோட்டில், அதே உயரத்தில் இருக்க வேண்டும். நான் 3 சென்டிமீட்டர் பின்னால் வைத்துவிட்டேன். மரம் ஏற ஏறக் கயிறு விண்ணென்று இறுகிவிட்டது. மாற்றினேன்.

இந்த ஊர்ப் பழைய சரக்குப் படகான வெரியில் பாய்மரத்தின் அடிமுனையிலேயே எதிர்எடையாக ஈயம் கட்டியிருப்பார்கள். தராசு மாதிரி. பொறாமையாக இருக்கிறது.

மே 3

போய் வந்தாயிற்று. இறக்குவதுதான் பயம், கயிற்றைக் கிளீட்டில் (கயிறு கட்டும் கொம்பு) ஒரு சுற்றுச் சுற்றி, அங்குலம் அங்குலமாக விட்டேன். கல் பாலத்துக்கு அருகிலேயே புதிய சாலைப் பாலமும் இருக்கிறது, இரண்டையும் தாண்டித்தான் ஏற்ற முடியும். மின்கம்பி இல்லாத இடமா என்று அண்ணாந்து பார்த்துவிட்டு இழுத்தேன். பாதியில் திடீரென்று கனத்தது. முட்டாள்தனமாக இன்னும் இழுத்தேன். பக்கக் கம்பியை இறுக்கும் திருகான டர்ன்பக்கிள் தளத்தின் விளிம்பில் மாட்டி வளைந்துபோனது. அப்புறம் உதிரியை மாட்டி ஏற்றினேன்.

ஹிக்லிங்கில் இலை அசையவில்லை. மோட்டாரிலேயே திரும்பினேன்.