செல்ஃப் எடுக்காத கேம்பர் வேன்: குற்றவாளி பேட்டரி இல்லை

உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வசதியுள்ள என் கேம்பர் வேனில் சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. செல்ஃப் எடுக்கவில்லை. இது மூன்றாவது முறை. முன்பு இரண்டு தடவையும் வேறு வண்டியிலிருந்து ஜம்பர் கேபிள் போட்டதும் உடனே கிளம்பியது. அதனால் பேட்டரிதான் போய்விட்டது என்று நம்பி, புதிது வாங்கவே இருந்தேன்.

வாங்கும் முன் மல்டிமீட்டரை எடுத்தேன். சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட், கிட்டத்தட்ட முழு சார்ஜ். நண்பர் சாவியைத் திருப்பும்போது பார்த்தால் 11.8. தளர்ந்த பேட்டரி என்றால் 9.6க்குக் கீழே சரிந்திருக்கும். ஆனால் செல்ஃப் மோட்டாருக்குப் போய்ச் சேர்ந்தது வெறும் 8.1. மீதி எங்கே போகிறது? பாசிட்டிவ் கேபிளின் இரு முனைகளுக்கு இடையே 0.2 வோல்ட், பிரச்சினை இல்லை. பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் இடையே வைத்தேன்: 3.5!

அந்த வழியில் எஞ்சினையும் சேஸையும் (வண்டியின் இரும்புச் சட்டம்) இணைக்கும் எர்த் பட்டைதான் குற்றவாளி. போல்ட்டுக்கு அடியில் முழுக்கத் துரு, கம்பி இழைகள் பச்சை பூத்துக் கிடந்தன. ஜம்பர் போட்டால் மட்டும் கிளம்பியதன் காரணமும் அப்போதுதான் புரிந்தது. நெகட்டிவ் கிளிப்பை எஞ்சின் இரும்பில் மாட்டியிருந்தேன். அந்தக் கெட்ட பட்டையைத் தாண்டி மின்சாரம் வேறு வழியில் போயிருக்கிறது. பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, இரும்பு பளிச்சென்று தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்துப் புதுப் பட்டை மாட்டினேன். இப்போது அதே இடத்தில் 0.2தான். செல்ஃப் மோட்டார் சுற்றும் வேகமே வேறு.

சரி, முடிந்தது என்று நினைத்தேன். இரண்டு இரவு கழித்துப் பார்த்தால் பேட்டரி 12.2. உள்ளே ஃபிரிட்ஜுக்கான பேட்டரியும் அதே 12.2. எஞ்சின் நின்றதும் இரண்டையும் பிரிக்க வேண்டிய ரிலே (தானாக இயங்கும் ஸ்விட்ச்) ஒட்டிக்கொண்டு, ஃபிரிட்ஜ் இரண்டிலிருந்தும் இழுத்துக்கொண்டிருந்தது. நெகட்டிவில் மீட்டரைத் தொடராக இணைத்தால் 1.8 ஆம்பியர் (இந்த நிலையில் சாவியைத் திருப்பவே கூடாது, மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்). ரிலேயைப் பிடுங்கியதும் 25 மில்லி ஆம்பியராக இறங்கியது. 50க்குள் இருந்தால் கவலையில்லை.

புது ரிலே போட்டாயிற்று. எஞ்சின் ஓடும்போது இரண்டு பேட்டரியிலும் 14.2, நிறுத்திய கொஞ்ச நேரத்தில் தனித்தனி அளவு காட்டுகிறது. அப்புறம் ஐந்து நாள் நிறுத்திவைத்துப் பார்த்தேன். 12.6. முதல் சுற்றிலேயே கிளம்பியது.