"தனிமைப்படுத்தல்னா ஜெயிலாக்கா?"

2020 ஏப்ரல் முதல் வாரம். சிங்கப்பூரில் வெளிநாட்டு ஊழியர் தங்கும் விடுதிகளில் கொரோனா பரவத் தொடங்கியிருந்தது. ஏப்ரல் 5 அன்று பொங்கோலில் இருந்த எஸ்11 விடுதியையும் தோ குவானில் இருந்த வெஸ்ட்லைட் விடுதியையும் தனிமைப்படுத்தினார்கள். ஏறக்குறைய 20,000 பேர் 14 நாள் அறையை விட்டு வெளியே வர முடியாது.

அப்போது நான் வேலை பார்த்த இடத்தில் தமிழ்த் தொடர்புப் பிரிவு என்றால் நான் ஒருத்திதான். ஆங்கிலத்தில் வந்த தகவலை அன்றிரவே மொழிபெயர்த்து, வடிவமைத்து வாங்கி, ஃபேஸ்புக்கில் போட்டேன். 'தனிமைப்படுத்தல் ஆணை' என்று பெரிய எழுத்தில் தலைப்பு. பிழை எதுவும் இல்லை. இரண்டு முறை மெய்ப்புப் பார்த்துவிட்டுத்தான் படுத்தேன்.

மறுநாள் காலை வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு வந்திருந்தது. புதுக்கோட்டைப் பக்கத்துப் பேச்சு. பின்னால் மின்விசிறி ஓடுகிறது, யாரோ இருமுகிறார்கள். "அக்கா, நீங்க போட்டதப் படிச்சேன். தனிமைப்படுத்தல்னா ஜெயிலாக்கா? நாங்க என்ன தப்புப் பண்ணோம்?"

அவ்வளவுதான். திரும்பத் திரும்பக் கேட்டேன். 'ஆணை' என்ற சொல் எனக்கு அலுவலகச் சொல். அவருக்கோ அது கோர்ட்டிலிருந்தும் போலீஸிடமிருந்தும் வருகிற சொல். பக்கத்து அறையில் எத்தனை பேர் அதே பயத்தோடு உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்தபோது எனக்குக் கை நடுங்கியது. தட்டச்சு செய்ய ஓடவில்லை. நானும் பேசியே அனுப்பினேன். "ஜெயில் இல்ல தம்பி. நோய் ஒருத்தர்கிட்டருந்து ஒருத்தருக்கு ஒட்டிக்கக் கூடாதுன்னுதான் ரூம்லயே இருக்கச் சொல்றாங்க. சம்பளம் உண்டு. மூணு வேளையும் சாப்பாடு வந்துரும்."

"மத்தவங்களுக்கும் அனுப்பட்டுமாக்கா?" என்று கேட்டார். அனுப்பச் சொன்னேன். சாயங்காலத்துக்குள் அந்தப் பதிவு மூன்று பேர் வழியாக எனக்கே திரும்பி வந்துவிட்டது. அதில் ஒருவர் லிட்டில் இந்தியா வட்டாரத்துத் தேக்காவில் மளிகைக் கடை வைத்திருப்பவர்.

நான் இந்த வேலைக்கு வந்த காலத்தில் ஒரு செய்தி அறிக்கை எழுதினால், தமிழ் முரசு நாளிதழுக்கும் ஒலி 96.8 வானொலிக்கும் வசந்தம் தொலைக்காட்சிக்கும் அனுப்புவதோடு என் பொறுப்பு முடிந்தது. எப்போதாவது கல்யாண வீட்டில் யாராவது, "பேப்பர்ல பார்த்தேம்மா" என்பார்கள். புரிந்ததா என்று கேட்க வழியே இல்லை. நான் எழுதியது ஒருவரைப் பயமுறுத்தியது என்று மறுநாள் காலையிலேயே எனக்குத் தெரிந்தது, சமூக ஊடகம் வந்த பிறகுதான். இதற்காகவே அதன் தொல்லைகள் அத்தனையையும் பொறுத்துக்கொள்கிறேன்.

தொல்லைகளும் கொஞ்சநஞ்சமல்ல. அதே ஏப்ரல் 7 அன்று, இங்கே 'சர்க்யூட் பிரேக்கர்' என்ற கொரோனா முடக்கம் தொடங்கிய நாளில், வாட்ஸ்அப் ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தது. பலமுறை பகிரப்பட்ட செய்தியை இனி ஒரு நேரத்தில் ஒரே ஒருவருக்கோ ஒரே ஒரு குழுவுக்கோதான் அனுப்ப முடியும். பூண்டு வெந்நீர் குடித்தால் கிருமி சாகும், எல்லோரையும் ஊருக்கு அனுப்பப் போகிறார்கள் என்றெல்லாம் சுற்றிக்கொண்டிருந்த நேரம். அந்தக் கட்டுப்பாடு தேவைதான், அதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. ஆனால் பலமுறை பகிரப்பட்டது என்று காட்டும் இரட்டை அம்புக்குறி என் குரல் பதிவிலும் விழுந்துவிட்டது. வதந்திக்குப் போட்ட பூட்டு பதிலுக்கும் சேர்த்து விழுந்தது.

அப்புறம் ஒரு வழி கண்டுபிடித்தோம். ஒவ்வொரு விடுதியிலும் தெரிந்த ஒருவரைப் பிடித்து, விஷயத்தைச் சொல்லி, அவரவர் குரலில் புதிதாகப் பேசி அனுப்பச் சொன்னோம். ஒருவர் ராமநாதபுரத்துப் பேச்சில் பேசினார், இன்னொருவர் தஞ்சாவூர்ப் பேச்சில். என் பதிவைவிட அவை நன்றாகவே இருந்தன. அவர்கள் பேசியதிலிருந்து நான் சொற்களை எடுத்து எழுதிவைத்துக்கொண்டேன்.

இன்னொரு தொல்லை எழுத்துரு. வடிவமைப்பாளருக்குத் தமிழ் தெரியாது. மென்பொருளில் ஓர் அமைப்பை மாற்றாமல் விட்டால் போதும், எழுத்து உடைந்துவிடும். ஒருமுறை டெங்கி பற்றிய படத்தில் 'கொசு' என்று இருக்க வேண்டிய இடத்தில் கொம்பு ககரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நின்றது, நடுவில் ஒரு புள்ளி வட்டத்தோடு. அச்சில் போன காலத்தில் கையில் மூன்று நாள் இருக்கும், யாராவது பார்த்துவிடுவார்கள். இப்போது அரை மணி நேரத்தில் போட்டாக வேண்டும். இரவு 11 மணிக்கு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் எல்லோரும் பார்க்க எழுதியிருந்தார்: "பிள்ளைகள் இதைத்தான் படிக்க வேண்டுமா?" சுருக்கென்றது. ஆனால் அவர் கேட்டது நியாயம். சிங்கப்பூரின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று தமிழ், அதை உடைந்த எழுத்தில் போட யாருக்கும் உரிமை இல்லை. அன்றே படத்தை எடுத்துவிட்டு அவருக்கு நன்றி சொல்லி எழுதினேன். அதற்குப் பிறகு எந்தப் படமானாலும் கடைசிக் கோப்பை என் கைப்பேசியில் எழுத்தெழுத்தாகப் பார்க்காமல் போடுவதில்லை.

எண்ணிக்கைக் கணக்கு எரிச்சலூட்டும் விஷயம். நண்பர்கள், குடும்பத்தினர் போடுவதையே முதலில் காட்டப்போவதாக 2018 ஜனவரியில் ஃபேஸ்புக் அறிவித்தது. எங்களைப் போன்ற பக்கங்களைப் பார்ப்பவர்கள் குறைந்தார்கள். கூட்டத்துக்குக் கூட்டம் "ரீச் ஏன் இறங்கியது?" என்ற கேள்வி. ஆங்கிலப் பக்கத்தின் எண்ணுக்குப் பக்கத்திலேயே தமிழ்ப் பக்கத்தின் எண்ணையும் வைத்துப் பார்ப்பார்கள். 2020 சிங்கப்பூர் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காடு. இந்த ஒப்பீட்டில் தமிழ் எப்படி ஜெயிக்கும்? ஒப்பிடவே கூடாது என்று நான் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறேன்.

எனவே இப்போது மாத அறிக்கையின் கடைசியில் நானாக ஒரு பக்கம் சேர்க்கிறேன். அந்த மாதம் மக்கள் கேட்ட கேள்விகள், அவர்கள் கேட்ட சொற்களிலேயே. அருகில் ஆங்கிலத்திலும் எழுதிவிடுவேன். முதல் முறை கொடுத்தபோது மேலாளர் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது முறை, கூட்டம் முடிந்து எல்லோரும் எழுந்த பிறகு அவர் மட்டும் உட்கார்ந்து அந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார். "இந்தக் கேள்விக்குப் பதில் போட்டாச்சா?" என்று விரலை வைத்துக் கேட்டார். சரி, போட்டுவிடுகிறேன் என்று அன்று மத்தியானமே போட்டேன்.