டேனரித் தொட்டிக்குள் ஒரு கேஸ் சென்சார்: பேட்டரி தாங்க வேண்டுமானால்

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கத்து டேனரிகளில் (தோல் பதனிடும் ஆலைகளில்) தோலின் முடி நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்ப்பார்கள். அந்தக் கழிவுநீரும் பிக்கிள் செய்த (தோலை உப்பும் அமிலமும் கலந்த நீரில் ஊறவைத்த) அமிலக் கழிவுநீரும் ஒரே தொட்டியில் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். காற்றைவிடக் கனம் என்பதால் அடியில் தங்கும். அழுகிய முட்டை நாற்றத்தை நம்பி இறங்கவே கூடாது. 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவில் மூக்கு மரத்துவிடும். பிளக் பாயிண்ட் இல்லாத அந்த இடத்தில் மாதக்கணக்கில் விழித்திருக்கும் சென்சார் வேண்டும்.

இந்த வகைச் சென்சார்கள் சூடான ஆக்சைடின் மின்தடை மாறுவதை வைத்து வாயுவை அறியும். கடையில் கிடைக்கும் எம்க்யூ வகையின் ஹீட்டர் 5 வோல்ட்டில் சுமார் 150 மில்லிஆம்பியர் இழுக்கும். அதாவது 750 மில்லிவாட். 3.7 வோல்ட், 2000 மில்லிஆம்பியர்-மணி பேட்டரி பத்து மணி நேரம்கூடத் தாங்காது. 25 மில்லிவாட் இழுக்கும் மைக்ரோ ஹாட்பிளேட் (சிப் அளவுச் சின்ன ஹீட்டர்) என்றால் 12 நாள். அதையும் விட்டுவிட்டுச் சூடாக்கினால்தான் மாதக்கணக்கு.

பொருள், துத்தநாக ஆக்சைடு நானோ கம்பிகள். முதலில் தங்க எலக்ட்ரோடு போட்ட அலுமினாத் தகட்டில் பழகுங்கள். 50 மில்லி எத்தனாலில் 0.11 கிராம் ஜிங்க் அசிடேட் டைஹைட்ரேட் கரைத்து ஸ்பின் கோட் செய்து (தகட்டைச் சுழற்றி மெல்லிய படலமாகப் பூசி), 350 டிகிரியில் 20 நிமிடம் சுட்டால் கம்பிகள் முளைப்பதற்கான விதைப்படலம் கிடைக்கும். பிறகு 100 மில்லி தண்ணீரில் 0.74 கிராம் ஜிங்க் நைட்ரேட் ஹெக்ஸாஹைட்ரேட், 0.35 கிராம் ஹெக்ஸமீன். 90 டிகிரியில் 3 மணி நேரம். தகட்டைக் குப்புற மிதக்கவிடுங்கள். நிமிர்த்தி வைத்தால் கரைசலில் உருவாகும் வெள்ளைத் தூள் மேலே படிந்து, கம்பிகளை மூடிவிடும்.

இதன்மேல் காப்பர் ஆக்சைடு துகள்கள். 50 மில்லி எத்தனாலில் 0.05 கிராம் காப்பர் அசிடேட் மோனோஹைட்ரேட். ஒரு நிமிடம் முக்கி, உலர்த்தி, 300 டிகிரியில் ஒரு மணி நேரம். காப்பர் நைட்ரேட் வேண்டாம். அதன் நீர்க்கரைசல் அமிலத்தன்மை உள்ளது, கம்பிகளையே அரிக்கும்.

வாயு பட்டதும் காப்பர் ஆக்சைடு காப்பர் சல்பைடாகிறது. இது உலோகம்போல மின்சாரம் கடத்தும். இரண்டு ஆக்சைடுகளுக்கும் இடையிலிருந்த தடை சரிந்து மின்தடை பெருமளவு இறங்கும். டிலைமிங் (தோலிலிருந்து சுண்ணாம்பை நீக்கும்) பகுதியிலிருந்து வரும் அமோனியாவுக்கு இந்த வினை கிடையாது. காப்பர் சேர்ப்பதே அதற்காகத்தான்.

சிக்கல் திரும்பி வருவதில் இருக்கிறது. அறை வெப்பநிலையில் சல்பைடு மறுபடி ஆக்சைடாக மாறுவது மிக மந்தம். 'அறை வெப்பநிலை சென்சார்' என்ற அறிவிப்பைப் பார்த்தால் முதலில் மீட்பு நேரத்தைக் கேளுங்கள். உணர்திறனைப் பிறகு பார்க்கலாம். எங்கள் பரிந்துரை இது: 20 விநாடிக்கு ஒருமுறை 0.2 விநாடி மட்டும் சூடாக்கி அளவிடுங்கள். 25 மில்லிவாட்டில் நூறில் ஒரு பங்கு, சராசரி 0.25 மில்லிவாட். நீண்ட, கூடுதல் சூடு வாயு வந்துபோன பிறகு மட்டும். அந்தச் சூடு கம்பிகளில் ஒட்டிய ஈரத்தையும் விரட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம்தான் பொய் அலாரத்தின் முதல் காரணம். பக்கத்திலேயே காப்பர் இல்லாத இன்னொரு சென்சாரை வைத்து இரண்டையும் ஒப்பிட்டால், வேலூர் வெயிலில் பகலுக்கும் இரவுக்கும் அடிமட்டம் (வாயு இல்லாதபோது காட்டும் அளவு) நகர்வதையும் பெருமளவு கழிக்கலாம்.

மின்தடை மெகாஓம் கணக்கில் இருக்கும். மைக்ரோகண்ட்ரோலரின் ஏடிசியில் (மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் பகுதியில்) நேரே கொடுத்தால் அளவு தவறும். நடுவில் எம்சிபி6041 போன்ற ஆப்-ஆம்ப் (பெருக்கிச் சிப்) போடுங்கள், அது இழுப்பது 0.6 மைக்ரோஆம்பியர்தான். போர்டில் சால்டரிங் ஃப்ளக்ஸ் மிச்சமிருந்தால் ஈரத்தில் அதுவே கசிவுப் பாதையாகும். சில்வர் பேஸ்டால் இணைப்புக் கொடுக்காதீர்கள், சல்பைடில் கறுத்துப்போகும்.

சோதனைக்கு 50 பிபிஎம் சான்றளித்த சிலிண்டர், எஃகு ரெகுலேட்டர், டெஃப்லான் குழாய், ஃப்யூம் ஹூட் அவசியம். நிமிடத்துக்கு 50 மில்லி வாயுவோடு 450 மில்லி காற்று சேர்த்தால் 5 பிபிஎம். ரப்பர் குழாய் வாயுவை உறிஞ்சிக் கணக்கைக் கெடுக்கும்.

பெட்டியை மூடச் சிலிக்கோன் சீலண்ட் வேண்டாம். அதன் ஆவி சூடான ஆக்சைடின்மேல் சிலிக்காவாகப் படிந்து சென்சாரைக் கொன்றுவிடும்; எப்பாக்சி போடுங்கள். இந்தச் சென்சார் அமைதியாக இருக்கிறது என்பதற்காக யாரையும் தொட்டிக்குள் இறக்காதீர்கள். அதற்குச் சான்றிதழ் பெற்ற மீட்டரும், காற்றோட்டமும், மூச்சுக்கருவியும், மேலே நின்று கயிறு பிடிக்க ஆளும் வேண்டும்.